அண்ணா பழக்கிய நாய்

என் அண்ணாவின் ஓராண்டு நினைவு மலருக்கு நீதான் எழுதவேண்டும் என்று குடும்பத்தார் என்னிடம் சொன்னபோது, நாயைப் பற்றி எழுதி வைத்துவிடாதே என்று சின்ன மாமா சேர்த்துச் சொன்னார். பூசைக்கு வந்தவர்களின் கையில் கொடுக்கிற புத்தகத்தில் நாய்க்கதை எதற்கு என்பது அவருடைய நியாயம். எனக்கும் நாய் என்றால் ஆகாது. அது உறவினர் அனைவருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் நாயை எடுத்துவிட்டால் அண்ணாவின் கடைசி வருடங்களில் மிஞ்சுவது மருந்துக் குளிசைகளும் ஞாயிறு பூசையும்தான். அதைவிட, அந்த நாயின் மேல் ஒரு பழி கிடக்கிறது. மரண வீட்டில் தொடங்கி இந்த ஒரு வருடமாக அது நம் உறவுக்குள் சுற்றி வருகிறது. அதைத் தொடாமல் அண்ணாவைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. மாமா மன்னிக்கவேண்டும்.

அண்ணா இலங்கைத்துறையில் பிறந்தார். அப்பா கடற்றொழில் செய்தவர். அண்ணா மூத்தவர், நான் கடைசி. எங்கள் இருவருக்கும் இடையில் பிறந்த இரண்டு பேரும் குழந்தையிலேயே போய்விட்டார்கள். சண்டைக் காலத்தில் ஊரை விட்டு வள்ளத்தில் திருகோணமலைக்கு வந்தபோது அண்ணா பள்ளிக்கூடப் பையன். அந்த வள்ளத்தில் ஏறியதோடு அவருடைய படிப்பு முடிந்தது. அகதி முகாமில் இருந்துகொண்டே லொறிக்கு உதவியாளாகப் போனார். பிறகு சாரதியானார். அப்பா முகாமிலேயே கண்ணை மூடினார், அம்மாவும் அதிக காலம் இருக்கவில்லை. என்னைப் படிப்பித்து, ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக உட்கார வைத்தது அண்ணாவின் ஸ்டியரிங் பிடித்த கைதான். என் கலியாணம் முடிந்த பிறகுதான் அவர் தன் கலியாணத்தைப் பற்றி யோசித்தார். அண்ணி வந்தபோது அவருக்கு நரை தொடங்கியிருந்தது. பிள்ளைகள் கிடைக்கவில்லை. ஓர்ஸ் ஹில்லில் வாங்கிய சிறிய வீட்டில் இருவருமாக இருந்தார்கள். அடுத்த ஒழுங்கையில் நான் இருந்தேன்.

அண்ணா அதிகம் கதைக்கமாட்டார். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. துவக்கைக் கண்டால் அந்த வழியால் போகவேமாட்டார், சண்டைக் காலத்தில் இரண்டு பக்கத்துத் துவக்குகளையும் கிட்ட நின்று பார்த்தவர். அப்படிப்பட்டவருக்கு வேட்டை நாய் ஒன்று வாய்த்தது கடவுளின் பகிடி என்றுதான் சொல்லவேண்டும்.

துறைமுகப் பக்கம் ஒரு வேலைத்திட்டத்துக்கு வந்திருந்த ஜேர்மன்கார எஞ்சினியர் ஒருவருக்கு அண்ணா சில வருடங்கள் சாரதியாக இருந்தார். அந்த மனிதர் தன் ஊரில் நாய்களோடு வேட்டைக்குப் போகிறவராம். இங்கேயும் ஒரு சோடி நாய் வைத்திருந்தார். பின்னேரங்களில் அவர் நாய் பழக்க, அண்ணா பக்கத்தில் நின்று பார்த்தார். பார்த்தவர் பிறகு உதவி செய்தார், உதவி செய்தவர் பிறகு தானே பழக்கினார். எஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்போது ஒரு பெட்டைக் குட்டியை அண்ணாவின் மடியில் வைத்துவிட்டுப் போனார். வறுத்த கோப்பிக் கொட்டை நிறம், நெஞ்சில் மட்டும் வெள்ளைப் புள்ளிகள். அண்ணி அதற்குக் கோப்பி என்று பெயர் வைத்தார். அந்த வீட்டில் அண்ணி நாய்க்குச் செய்த முதல் உதவியும் நெடுங்காலத்துக்குக் கடைசி உதவியும் அதுதான்.

ஜேர்மன் பொயின்ரர் என்பது அந்தச் சாதியின் பெயர். பறவையைக் காட்ட ஒரு நாய், தண்ணீரில் இறங்க ஒரு நாய், தடம் பிடிக்க ஒரு நாய் என்று வைத்துக்கொள்ளாமல், எல்லா வேலையையும் ஒரே நாயிடம் வாங்குவதற்காக அந்த நாட்டார் உண்டாக்கிய சாதி என்று அண்ணா சொல்வார். மணம் பிடித்து இரை இருக்கும் இடத்தைக் கண்டதும் அது பாயாது, குரைக்காது. ஒரு முன்காலை மடித்துத் தூக்கி, மூக்கை நீட்டி, அப்படியே நிற்கும். ஆள் வந்து சேருமட்டும் நிற்கும். சுட்டது விழுந்தால் போய் எடுத்து வரும், கடலில் விழுந்தாலும் நீந்தி எடுத்து வரும். காயப்பட்டு ஓடியதைத் தடம் பிடித்துத் தேடும். இத்தனை திறமையும் இருந்து, மனம் மட்டும் பூஞ்சை. ஒரு அதட்டல் கூடினாலும் இரண்டு நாளைக்கு வேலை செய்யாது. கட்டி வைத்தால் வாடிப்போகும். ஆளோடு இருக்கவேண்டும், ஓடவேண்டும், ஏதாவது ஒரு வேலை இருக்கவேண்டும். எங்கள் கந்தோரில் இப்படிப்பட்ட ஆட்களை நான் கண்டதில்லை.

அண்ணா அதைப் பழக்கிய விதத்தைச் சொல்லவேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பாடம், அதுவும் கொஞ்ச நேரம். நாய்க்கு அலுப்புத் தட்டுவதற்கு முன்பே நிறுத்திவிடுவார். நேற்றையது சரிவராவிட்டால் இன்று புதியது இல்லை. எதையும் பல் பதியாமல் தூக்கப் பழக்குவதற்கு முட்டையைக் கொடுத்தார். படலையிலிருந்து குசினி வரை முட்டையை வாயில் வைத்துக்கொண்டு அது கலியாணப் பெண் மாதிரி நடந்து வரும். வெடிக்காமல் வந்த முட்டைகளை அண்ணி பொரித்து எனக்குத்தான் தந்திருக்கிறார் என்பது நெடுநாள் கழித்துத் தெரியவந்தது. அண்ணாவிடம் சண்டைக்குப் போனேன்.

“கோப்பி உன்ர பல்லை விடச் சுத்தம், தங்கச்சி” என்றார். அவர் பகிடி விட்டது குறைவு. அதனால்தான் நினைவில் இருக்கிறது.

விசில் பாடம் வீட்டுக்குப் பின்னால் உள்ள பற்றை வளவில் நடந்தது. குசினி யன்னலால் எங்களுக்கு அண்ணாவின் முதுகு மட்டும் தெரியும். நீளமாக ஒரு விசில் கேட்கும். கொஞ்ச நேரத்தில் பற்றைக்குள்ளிருந்து நாய் ஓடி வந்து அவர் காலடியில் நிற்கும். விசிலைப் பற்றி அண்ணியும் நானும் அறிந்தது அவ்வளவுதான்.

குறிஞ்சாக்கேணியில் வயலும் எருமைகளும் வைத்திருக்கும் கபூர் நானா அண்ணாவின் லொறிக் காலத்துச் சிநேகிதர். ஒரு மழைக்கு அவருடைய எருமைக் கன்று ஒன்று தொலைந்தது. கோப்பி அதைக் களப்போரக் கண்டல் பற்றைக்குள் தேடிப் பிடித்தது. அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் ஆடு மாடு தொலைந்தால் அண்ணாவுக்குத்தான் அழைப்பு வரும். வேலை இல்லாத நாட்களிலும் நாயை ஓட விடுவதற்கு அங்கேதான் கொண்டுபோவார். நானா நாயைத் தொடமாட்டார், அது அவருடைய மார்க்கம். ஆனால் வரம்பில் குந்தியிருந்து அண்ணா பழக்குவதை வருடக் கணக்காகப் பார்த்திருக்கிறார். “நாய் நல்லம். ஆனா இது புத்தியால நல்லமில்ல, உங்கட அண்ணன்ட பொறுமையால நல்லம்” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

பிறகு அண்ணாவுக்குப் பாரிசவாதம் மெல்லிதாகத் தட்டியது. கை கால் திரும்பிவிட்டன, வாய் மட்டும் ஒரு பக்கம் இழுத்தபடியே நின்றுவிட்டது. விசிலை உதட்டால் கவ்வ முடியவில்லை. காற்றுப் போனதே தவிரச் சத்தம் வரவில்லை. அதை எடுத்துக் குசினிக் கதவு ஆணியில் மாட்டினார். நாய்க்குக் கையால் காட்டும் சைகைகளை முதலிலிருந்து தொடங்கினார். அந்த வயதில், அந்த உடம்போடு, சின்னப் பிள்ளைக்கு அரிவரி சொல்லிக் கொடுக்கிற மாதிரி அவர் மறுபடி தொடங்கியதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. நாய் பிடிக்காத எனக்கே வந்தது.

இனிச் சொல்லவேண்டியது அந்த நாளைப் பற்றி.

மாரி காலம். காலையில் வெயில் எறித்ததால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அண்ணா மோட்டார் சைக்கிளில் நாயை ஏற்றிக்கொண்டு குறிஞ்சாக்கேணிக்குப் போனார். கபூர் நானா அன்று ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார். அண்ணா கைத்தொலைபேசியை நனையாமல் சைக்கிள் பெட்டிக்குள் வைத்துவிட்டு, நாயோடு பற்றைக்குள் இறங்கியிருக்கிறார். பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. பொழுது சாய்ந்தும் ஆள் வரவில்லை. அண்ணி அழைக்க அழைக்கத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.

அண்ணியும் நானும் அயலவர் சிலரும் ஓட்டோவில் போனோம். சைக்கிள் றோட்டோரம் நின்றது. செய்தி கேட்டு ஓடி வந்த நானா, தன் ஆட்களோடு தோணியில் களப்பின் மறுபக்கத்துக்குப் போய்விட்டார், அண்ணா வழக்கமாக நடப்பது அந்தப் பக்கம் என்று. நாங்கள் றோட்டுப் பக்கம் நின்றோம். வீட்டிலிருந்து புறப்படும்போதே அண்ணி ஆணியிலிருந்து விசிலைக் கழற்றிக் கொண்டு வந்திருந்தார்.

“நாய் விசிலுக்கு வரும் மச்சாள். நாய் வந்தா அவர் கிடக்கிற இடத்தைக் காட்டும்” என்றார்.

ஊதினார். நீளமாக, மூச்சு இருந்தமட்டும் ஊதினார். ஊதிவிட்டு எல்லோரும் மூச்சை அடக்கிக் காத்திருந்தோம். மழைச் சத்தம்தான் கேட்டது. மறுபடி ஊதினார். றோட்டு நெடுகிலும் நடந்து நடந்து, உதடு கன்றும்வரை ஊதினார். நாய் வரவில்லை. முதலை பிடித்திருக்கும் என்றார் ஒருவர். வெருண்டு ஓடியிருக்கும் என்றார் இன்னொருவர். பற்றைக்குள் இறங்கியவர்கள் இடுப்பளவு தண்ணீர் வந்ததோடு திரும்பி வந்தார்கள்.

விடிந்ததும் நானா எங்கள் பக்கம் வந்தார். றோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, புல்லுக்குள் கோப்பி கிடந்தது. செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கண் திறந்திருந்தது, உடம்பு நடுங்கியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் எழும்பவில்லை. முள்ளந்தண்டு முறிந்திருக்கும் என்றார்கள். நானா எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு, அண்ணா செய்வது போலக் கையை உயர்த்தி இறக்கினார். அது எழுந்து விழுந்து நொண்டியபடி வந்த வழியே திரும்பி ஓடியது. நாங்கள் பின்னால் ஓடினோம். பாழடைந்த வாய்க்கால் ஒன்றுக்குள் அண்ணா கிடந்தார். கூப்பிடு தூரம்தான். இடுப்பெலும்பு முறிந்து எழும்ப முடியாமல் போயிருக்கிறது, மழைக் குளிர்தான் கொண்டுபோயிருக்கிறது என்று வைத்தியர் சொன்னார். விடியப்புறம்வரை உயிர் இருந்திருக்கலாம் என்றும் சொன்னார். அதை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

மரண வீட்டில் கதை தொடங்கிவிட்டது. வளர்த்தவர் அந்தரப்பட்டுக் கிடக்க, தான் தப்பினால் போதும் என்று வந்து புல்லுக்குள் படுத்த நாய் என்றார்கள். இத்தனை வருடம் சோறு போட்டதற்கு ஒரு தரம் குரைத்திருக்கக் கூடாதா என்றார்கள். சிலர் கபூர் நானாவையும் விடவில்லை. அவருடைய காணிக்குப் போனதால்தானே, இவர் ஏன் தோணியில் அங்கால் போனார் என்று சாடை மாடையாகக் கதைத்தார்கள். அவருடைய காதிலும் விழுந்திருக்கும். அவர் முப்பத்தோராம் நாளுக்கு அரிசியும் தயிரும் அனுப்பினார்.

அண்ணி நாயைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. யார் சோறு வைப்பது? நான்தான் வைத்தேன், அதுவும் தூர நின்று கோப்பையைத் தள்ளிவிட்டு. நாய் மெலிந்து விலா எலும்பு தெரிந்தது. கொடுத்துவிடுவோம் என்று அண்ணி முடிவெடுத்தார். இந்தச் சாதி நாய் வளர்த்துப் பழகிய ஒருவர் வவுனியாவில் இருப்பதாகத் தெரிந்து, சொல்லி அனுப்பினோம். மனிதர் வானோடு வந்தார். தேத்தண்ணி குடித்துவிட்டு, என்னென்ன பழக்கியிருக்கிறது என்று விசாரித்தார்.

“விசிலுக்கு வாறது. ஆனா தேவைப்பட்ட நேரம் வரயில்லை” என்றார் அண்ணி. உள்ளே போய் விசிலை எடுத்து வந்தார். நாய் வளவின் அந்தத்தில் மெதுவாக நடந்து போய்க்கொண்டிருந்தது. அண்ணி ஊதினார், அன்றைக்குப் போலவே நீளமாக.

நடந்த கால் நடந்தபடி நாய் நிலத்தில் விழுந்தது. தாடையை மண்ணில் வைத்து, காதை மடக்கி, அசையாமல் கிடந்தது. வந்தவருக்குச் சந்தோஷம்.

“அடேயப்பா. நல்ல வடிவாப் பழக்கியிருக்கிறார் அக்கா.”

“வரயில்லையே?”

“இது கூப்பிடுற விசில் இல்லை. நீட்டி ஊதினா, எங்க நிண்டாலும் அந்த இடத்திலயே படுக்கவேணும். துவக்குச் சூடு நடக்கிற இடத்தில நாய் குறுக்கால ஓடாமல் இருக்கிறதுக்குப் பழக்கிறது. கூப்பிடுறதெண்டா சின்னன் சின்னனா ரெண்டு மூண்டு தரம் ஊதவேணும். முதல் நீட்டி ஊதிப் படுக்கவைச்சிட்டு, பிறகு மெல்லமாக் கூப்பிடுவினம்.”

அண்ணி விசிலைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“எவ்வளவு நேரம் கிடக்கும்?”

“எழும்பச் சொல்லுமட்டும் கிடக்கும். நல்ல நாயெண்டா செத்தாலும் எழும்பாது.” அந்த மனிதருக்கு எங்கள் கதை ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்.

அண்ணி படியில் உட்கார்ந்துவிட்டார். வந்தவரிடம் நான்தான் ஏதோ சாட்டுச் சொல்லி அனுப்பினேன். போகும்போது அவர் அண்ணியின் விசிலை வாங்கிச் சின்னதாக இரண்டு தரம் ஊதிக் காட்டினார். கோப்பி எழுந்து ஓடி வந்தது. வந்தது அவரிடம் போகவில்லை, விசில் இருந்த கையையும் பார்க்கவில்லை. அண்ணிக்கு முன்னால் வந்து நின்றது. அண்ணி அன்றைக்கு அழவில்லை. அதற்குப் பிறகு பல நாட்கள் சாப்பிடவும் இல்லை.

நான் சொல்லாத ஆறுதல் இல்லை. உங்களுக்கு எப்படித் தெரியும், அண்ணாவே ஒரு நாளும் சொல்லித் தரவில்லையே, அந்த மழைக்குள் விசில் கேட்டே இருக்காது என்றெல்லாம் சொன்னேன். கேட்டிருக்காது என்று சொன்னபோது மட்டும் அண்ணி நிமிர்ந்து பார்த்தார். “கேக்காட்டி அது வந்திருக்கும் மச்சாள்” என்றார்.

இந்தக் கட்டுரையை முதலில் எழுதியபோது, தேடப் போனவர்களில் ஒருவர் விசில் ஊதினார் என்றுதான் எழுதியிருந்தேன். நாயின் பழியும் தீரும், அண்ணியின் மேல் புதுப் பழியும் வராது என்பது என் கணக்கு. அண்ணி வாசித்துவிட்டுத் தாள்களை என்னிடமே திருப்பித் தந்தார்.

“என்ர பேரைப் போடு.”

“என்னத்துக்கு அண்ணி? சனம் வாய்க்கு வந்ததைக் கதைக்கும்.”

“பேரில்லாட்டி கபூர் நானா ஊதினதெண்டுதான் கதைக்கும். அவரை இந்த ஒரு வருசம் கதைச்சது போதும்.”

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் நானாவிடம் நேரே சொல்லவேண்டும் என்றார். இருவரும் கோப்பியையும் கூட்டிக்கொண்டு குறிஞ்சாக்கேணிக்குப் போனோம். நானா முற்றத்தில் கதிரை எடுத்துப் போட்டார். அண்ணி உட்காரவில்லை, நின்றபடியே சொன்னார். நானா நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டிருந்தார்.

“தெரியும் தங்கச்சி” என்றார். “அண்டைக்கு விடியவே தெரியும். உங்கட கையில விசிலைக் கண்டனான். நான் நிண்ட பக்கத்துக்கு அது கேக்கயில்ல. கேட்டிருந்தா ஓடி வந்திருப்பன்.”

“ஏன் நானா சொல்லயில்லை?”

“சொல்லி? மையத்து வீட்டில வச்சு உங்களுக்கு அதைச் சொல்லவா? நாயைப் பேசினா நாய்க்கு விளங்காது. என்னைப் பேசினா எனக்குத் தாங்க ஏலும்.”

அண்ணி படலைப் பக்கம் திரும்பிக் கோப்பியைப் பார்த்தார். பிறகு, “ஒண்டு மட்டும் கேக்கிறன் நானா. மறைக்காமல் சொல்லுங்கோ. அது அவரை விட்டிட்டுத் தப்பி ஓடி வந்ததோ, எங்களைக் கூட்டிக்கொண்டு போக வந்ததோ?” என்றார்.

நானா என்னைப் பார்த்தார். சொல்லட்டுமா என்று கேட்பது போல இருந்தது. நான் வேறு பக்கம் திரும்பிவிட்டேன்.

“கூட்டிப்போகத்தான் வந்தது” என்றார். “வாய்க்கால்ல இருந்து றோட்டுக்கு வாற வழி நெடுகப் புல்லுப் படிஞ்சு கிடந்திச்சு. ஒரு இடமில்ல, இடைக்கிடை. ஊதயில் படுத்திருக்கு. நிப்பாட்ட, பழக்கத்தை மீறி எழும்பி வந்திருக்கு. திரும்ப ஊத, திரும்பப் படுத்திருக்கு. கடைசியாப் படுத்த இடத்தில இருந்து உங்கட ஓட்டோ லைற் தெரிஞ்சிருக்கும்.”

அண்ணி அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தார். அழுதார், நெடுநேரம் அழுதார். நானாவின் மனைவி வந்து அவருடைய தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார். கோப்பி படலைக்கு வெளியே, நானா இருக்கச் சொன்ன இடத்தில் இருந்தது. அண்ணி வீட்டுக்கு வந்ததும் நாய்க்குத் தானே சோறு வைத்தார்.

ஆகவே உறவினரே, நண்பர்களே, நாயின் மேல் பிழையில்லை. அண்ணா சொல்லிக் கொடுத்ததை அது செய்தது, சொல்லிக் கொடுத்ததை மீறவும் பார்த்தது. கபூர் நானாவின் மேலும் பிழையில்லை. அவரைப் பற்றிக் கதைத்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியும், பெயர் போடவில்லை.

அந்த இரவு மழைக்குள் எங்களோடு நின்ற அயலவர்களுக்கும், தண்ணீருக்குள் இறங்கித் தேடிய குறிஞ்சாக்கேணி மக்களுக்கும், ஓட்டோவுக்குக் காசு வாங்க மறுத்த தம்பிக்கும், அடக்கத்தை முன்னின்று நடத்திய பங்குத் தந்தைக்கும், வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் அழுத சொந்தங்களுக்கும், இந்த மலரை நேரத்துக்கு அச்சிட்டுத் தந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கபூர் நானா குடும்பத்துக்கு நன்றி என்று எழுதினால் அது குறைவாக இருக்கும். என்றாலும் எழுதுகிறேன்.

அண்ணி உங்களிடம் ஒன்று கேட்டிருக்கிறார். பூசை முடிந்து வீட்டுக்கு வாருங்கள், சாப்பிடுங்கள், அண்ணாவைப் பற்றி நிறையக் கதையுங்கள். இதை வாசித்துவிட்டு, அது உங்கள் பிழை இல்லை என்று மட்டும் அவரிடம் வந்து சொல்லவேண்டாமாம். அதைச் சொல்கிற ஒவ்வொருவருக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டத் தனக்கு இனி ஏலாது என்கிறார்.